பெயர் கவர்ந்தோரும் பெயர் இழந்தோரும்



பொன்னைக் கவர்ந்தவனைக் கள்வன் என்கிறோம். பொருளை ஏமாற்றிப் பெற்றவனை மோசக்காரன் என்கிறோம். ஒருவனுடைய பெயரையே கவர்ந்து, அப்பெயருக்குரியவன் தானே என்று ஊரையும் உத்தியோகத்தரையும் நம்பச் செய்பவனை ஆள்மாறாட்டக்காரன் என்கிறோம். இம்மூவருள்ளும் கொடியவன் மூன்றாமவனே என்பது என் துணிபு. பொன் களவு போயின் உடையவன் பொழுது விடிந்ததும் அறிவான். பெயர் களவு போயின் அவன் அறிவதற்கு ஆண்டுகள் பல செல்லும். தான் ஒப்பமிடாத உறுதியொன்றினால் தன் காணி கைமாறிவிட்டது என்றோ, தான் பெறாத கடனுக்குத் தன்மேல் வழக்கு நிற்கிறது என்றோ ஒருநாள் அறிவித்தல் வரும். அன்று தொடங்கி, தான் தானே என்று மெய்ப்பிக்கும் பாரம் அவன் தலையில் ஏறிவிடுகிறது.

இவ்வாறு பெயரிழந்தோருக்கு நமது சட்டம் காலந்தோறும் என்ன வழி வைத்தது என்பதை இன்றைய பேச்சில் வரலாற்று முறையில் நோக்குவோம். கவர்ந்தவனைத் தண்டிப்பதில் காட்டிய விரைவை, இழந்தவனுக்கு இழந்ததை மீட்டுக் கொடுப்பதில் சட்டம் காட்டவில்லை என்பது என் கருத்து. அதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நான் வாழும் புத்தளக் கரையிலேயே அது கிடக்கிறது. எனினும் அங்கே சேர்வதற்கு முன்னர்ச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் நலம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டிவைத்த விதிகளைப் பலரும் அறிவர். குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும்போது யார் யார் விலக்கப்பட வேண்டும் என்று அக்கல்வெட்டு விரித்துரைக்கிறது. அவ்வரிசையில் கூடலேகை செய்தாரும் வருகின்றனர். கூடலேகை என்பது பொய்யாக எழுதப்பட்ட ஆவணம். அதனை எழுதியவன் ஊர்ப் பொறுப்புக்கு ஆகான் என்பது விதி. குற்றத்திற்காகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவனுக்கும் அவனுக்கும் ஒரே வரிசை. பொய்யாவணத்தால் நிலம் இழந்தவன் என்ன செய்வான் என்பது பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அது தேர்தல் விதியாதலால் அதனை அங்கே எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயினும் பொய்யெழுத்து என்னும் தீமை ஓலையும் எழுத்தாணியும் புழங்கிய நாளிலேயே ஊர்களை வருத்தியது என்பது தெளிவு.

ஆவணத்தின் மெய்ம்மையை ஆராயும் முறைக்கு நம் இலக்கியத்தில் அழகான சான்று ஒன்று உண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கே அது. மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை ஒரு முதியவர் வழிமறித்து, ஆரூரரின் பாட்டனார் எழுதித் தந்த அடிமையோலை தம்மிடம் உண்டு என்கிறார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலை என்றும் மூலவோலை வேறாக உளது என்றும் முதியவர் கூற, வழக்கு ஊர்ச் சபைக்கு ஏறுகிறது. சபையார் மூலவோலையைப் பெற்று, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டிலும் உள்ள எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைக்கின்றனர். பக்திக்காகப் படிக்கப்படும் இப்பகுதியை வழக்கறிஞரும் ஒருமுறை படித்தல் தகும். மூலமும் படியும் தனித்தனியே இருத்தல், ஐயமற்ற எழுத்தோடு ஐயத்துக்குரிய எழுத்தை ஒத்துப் பார்த்தல் ஆகிய இரண்டும் இன்றைய நீதிமன்றத்திலும் நிற்கின்ற முறைகளே.

எழுத்து இல்லாதவிடத்து அயலார் வாய்ச்சொல்லே ஆளுக்குச் சான்று. அச்சான்றும் தவறக்கூடும் என்பதற்குப் பிரான்சு நாட்டு வழக்கொன்று உலகப் புகழ் பெற்றது. தென்பிரான்சின் அர்த்திகா என்னும் சிற்றூரில் மார்ட்டின் கேர் என்னும் உழவன் 1548ஆம் ஆண்டில் மனைவியை விட்டு மறைந்தான். எட்டாண்டு கழித்து ஒருவன் வந்து, தானே மார்ட்டின் என்றான். ஊர் ஏற்றது; உறவினர் ஏற்றனர்; மனைவி பெர்த்ராந்தும் ஏற்றாள். சொத்துப் பற்றிய பிணக்கில் ஐயம் எழுந்து, வழக்கு நீதிமன்றம் சென்றபோது ஏறத்தாழ நூற்றைம்பது பேர் சாட்சி கூறினர். அவர்களுள் அறுபது பேரளவினர், இவன் அவனா அன்றா என்று துணிந்து சொல்ல இயலாது என்றனர்! மேல்முறையீடு துலூஸ் நகரில் நடந்துகொண்டிருக்கையில் மெய்யான மார்ட்டின் மரக்காலோடு வந்து நின்றான். பொய்யன் 1560ஆம் ஆண்டு செப்டெம்பரில் தூக்கிலிடப்பட்டான். இவ்வளவும் பலரும் சொல்லும் கதை. என் மனத்தைக் கவர்வது தீர்ப்பின் பிறிதொரு பகுதி. பெர்த்ராந்து ஏமாற்றப்பட்டவள் என்று மன்றம் ஏற்றது. பொய்யனுக்கும் அவளுக்கும் பிறந்த பெண்குழந்தையை முறையான பிள்ளை எனக் கொண்டது. பொய்யனுடைய சொத்தை அக்குழந்தைக்கு வழங்கியது. தூக்குமரத்தோடு நின்றுவிடாமல் ஏமாந்தோரின் நாளைய வாழ்வையும் எண்ணிய நீதிபதிகள் பதினாறாம் நூற்றாண்டில் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இனி நமது தீவுக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்தில் நிலமும் ஆளும் தோம்புகளில் பதியப்பட்டன. யாழ்ப்பாணத்தில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமை, நிலத்தை விற்க எண்ணுவோன் தன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முன்னதாக அறிவித்தல் வேண்டும் என விதித்தது. உறவுக்குள் நிலம் நிற்பதற்கென அமைந்த அவ்வழமை, கள்ள விற்பனைக்கும் ஒரு வேலியாக அமைந்தது. பலரறிய விற்கும் நிலத்தைப் பிறன் பெயரில் விற்பது எளிதன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வேலியை வேறு வடிவில் நாட்டியது. மோசடிகளைத் தடுக்கும் சட்டம் என்பதே அதன் பெயர். இங்கிலாந்தில் 1677ஆம் ஆண்டில் பிறந்த சட்டமொன்றின் வழிவந்தது அது. காணி விற்பனை எழுத்தில் இருத்தல் வேண்டும். நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், ஒரே வேளையில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் காணக் கையொப்பமிடப்படல் வேண்டும். அன்றேல் அது செல்லாது. எங்கள் கரையோரத்து முஸ்லிம் மக்களுக்கு இவ்விதி புதுமையாகத் தோன்றியிராது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதிவைத்து இரு சாட்சிகளை அமர்த்துவது பற்றியதே.

ஆனால் கையொப்பமிட வந்து நிற்பவன் யார் என்று நொத்தாரிசு எங்ஙனம் அறிவார்? இக்கேள்விக்கு விடை கூறியது 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். ஒப்பமிடுவோனை நொத்தாரிசு தாமே அறிந்திருத்தல் வேண்டும். அல்லது சாட்சிகள் இருவரேனும் அவனை நன்கறிந்த நன்மக்களாக இருத்தல் வேண்டும். அவனுடைய உண்மைப் பெயரும் தொழிலும் வசிப்பிடமும் அவர்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். எங்கள் கனமூலை போன்ற ஊரில் இதன் பொருள் நன்கு விளங்கும். ஒரே பெயருடையோர் ஒரு தெருவில் மூவர் நால்வர் இருப்பர். தந்தை பெயரைச் சேர்த்தாலும் சில வேளை இருவர் எஞ்சுவர். ஊரார் பட்டப்பெயரால் பிரித்தறிவர். பட்டப்பெயரோ உறுதியில் ஏறாது. ஆகவே அறிந்த அயலார் இருவரே அக்காலத்தின் அடையாள அட்டை எனலாம்.

அச்சட்டத்தின் இன்னொரு நல்ல ஏற்பாட்டையும் ஈண்டுக் கூறவேண்டும். நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலம் உரியவர் கைக்குச் செல்லும். ஒரு பிரதி நொத்தாரிசின் ஏட்டில் நிற்கும். இன்னொரு பிரதியை அவர் அடுத்த மாதம் பதினைந்தாம் நாளுக்குள் காணிப் பதிவகத்திற்கு அனுப்புதல் வேண்டும். திருவெண்ணெய்நல்லூரில் படியோலையைக் கிழித்தவர் மூலவோலைக்கு விடை சொல்ல நேர்ந்தது. இங்கே மூலத்தையே எரித்தாலும் இரண்டு படிகள் வெவ்வேறிடங்களில் நின்று பேசும்.

தண்டனைக்கும் குறைவில்லை. மெக்காலே பிரபு இந்தியாவுக்கென வரைந்த சட்டக்கோவையைத் தழுவி 1883ஆம் ஆண்டில் நமது தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. அதன் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்ட வஞ்சனையை வரையறுக்கிறது. உயிரோடிருப்பவன் பெயரைப் பூண்டாலும் குற்றம். இறந்தவன் பெயரைப் பூண்டாலும் குற்றம். உலகில் இல்லாத கற்பனை ஆளின் பெயரைப் பூண்டாலும் குற்றம். தன் பெயரையே உடைய செல்வன் ஒருவனாகத் தன்னைக் காட்டிக்கொள்வதும் குற்றமே. ஒரே பெயருடையோர் பலர் வாழும் ஊர்களை மெக்காலே கண்டறியாவிடினும் இவ்வுதாரணத்தை அவர் எங்கிருந்தோ பிடித்துவிட்டார்! பொய்யாவணம் புனைதலும், அது பொய்யென்று அறிந்தே அதனை மெய்யெனப் பயன்படுத்தலும் வேறு வேறு குற்றங்களாகக் கடுந்தண்டனையோடு வகுக்கப்பட்டன.

அயலார் சாட்சியத்தை மட்டும் நம்பியிருந்த உலகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடலையே சாட்சியாகக் கொள்ளத் தொடங்கியது. வங்காளத்தில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் 1858ஆம் ஆண்டில் ஜங்கிப்பூரில் ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் ஒப்பந்தகாரரின் கையடையாளத்தைப் பதிப்பித்தார். பின்னர் 1877ஆம் ஆண்டில் ஊக்ளியில் ஓய்வூதியம் பெறுவோரின் விரலடையாளத்தைப் பெறலானார். ஓய்வூதியக்காரர் இறந்த பின்னும் அவர் பெயரில் பிறர் வந்து பணம் பெற்றுச் செல்வதைத் தடுக்கவே அவ்வேற்பாடு. 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் தோன்றியது. அடையாளங்களை வகைப்படுத்தும் கணக்கை வகுத்ததில் பெரும்பங்கு அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் வங்காளத்து அலுவலர் இருவருடையது. உலகம் அம்முறையை அவர்களுடைய மேலதிகாரியின் பெயரால் ஹென்றி முறை என்றே வழங்குகிறது. பெயர் கவர்வோரைப் பிடிக்கும் கலையிலேயே பெயர் கைமாறிய விந்தையை என்னென்பது!

நம் நாட்டில் ஆட்களைப் பதியும் சட்டம் 1968ஆம் ஆண்டில் 32ஆம் இலக்கமாக நிறைவேறியது. 1972 முதல் அடையாள அட்டைகள் வழங்கப்படலாயின. பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களுள் முதலிரண்டு பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதனோடு ஐந்நூறு கூட்டப்படும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்கள் வந்தன. ஆண்டு முழுமையாக எழுதப்பட்டது. பிறந்த நாளைக் குறிக்கும் முறை மாறவில்லை. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் அட்டை பெறும் வயதைப் பதினைந்தாகக் குறைத்தது. பாடசாலைப் பிள்ளைகளின் விண்ணப்பத்தை அதிபர் அத்தாட்சிப்படுத்துகிறார்; ஏனையோருடையதைக் கிராம உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்துகிறார். ஆண்டுதோறும் அவ்விண்ணப்பக் கட்டுகளில் ஒப்பமிடுபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அட்டை இயந்திரத்தில் அச்சாயினும் அதன் வேர் இன்னமும், "இப்பிள்ளையை நான் அறிவேன்" என்று ஒருவர் இடும் கையொப்பத்திலேயே நிற்கிறது. 1907ஆம் ஆண்டின் அயலார் சாட்சியம் அழியவில்லை. அட்டைக்குப் பின்னால் சென்று நின்றுகொண்டது.

அவ்வயலாரே ஒருங்கே பெயர்க்கப்பட்டால் என்ன நேரும்? இக்கேள்விக்கு விடைதான் புத்தளக் கரையில் கிடக்கிறது என்றேன்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளின் கட்டளையால் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கினர். புத்தளம் மாவட்டத்தின் பள்ளிவாயில்களும் பாடசாலைகளும் தென்னந்தோப்புகளும் அவர்களுக்கு இடமாயின. அவ்வேளை எடுத்து வந்த பொருள்களைப் பற்றி எவ்வளவோ பேசப்பட்டுள்ளது. எடுத்து வராத பொருள்களுள் தலையாயவை காணி உறுதியும் பிறப்புச் சான்றும் அடையாள அட்டையுமே. அவற்றினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஓர் ஊரில் ஒருவன் வேறொருவன் பெயரில் உறுதி முடிக்க வந்தால், "இவன் அவன் அல்லன்" என்று சொல்லக்கூடிய வாய்கள் அத்தனையும் அவ்வூரை விட்டு நீங்கிவிட்டன. சட்டம் நாட்டிய இரு சாட்சி என்னும் வேலி, காக்க ஆளின்றி வெறுந்தடியாயிற்று.

இந்நிலையில் இருவகைத் தீமைக்கு இடமுண்டாயிற்று. உரியவன் போல் நடித்து உறுதி முடிப்பது ஒன்று. உரியவன் கொடுத்ததாகப் பொய்யான அற்றோணித் தத்துவம் ஒன்றைக் காட்டி விற்பது மற்றொன்று. விலை கொடுத்து வாங்கியவன் பல வேளைகளில் ஒன்றும் அறியாதவன், அவனும் ஏமாந்தவனே. ஆகவே திரும்பி வந்த உரிமையாளனும், நம்பி வாங்கிய குடியானவனும் ஒரே வேலியின் இரு புறமும் நிற்பார்கள். ஏமாற்றியவனோ எங்கேயோ இருப்பான்.

இங்கே சட்டம் உரிமையாளனுக்குத் தரும் முதல் ஆறுதல் பெரிது. நமது பொதுச் சட்டமாகிய உரோம - ஒல்லாந்தச் சட்டத்தின்படி, தனக்கில்லாத உரிமையை எவனும் பிறனுக்குக் கொடுத்தல் இயலாது. கள்ள உறுதி வெற்றுத்தாள். அதனை வாங்கியவன் எத்துணை நல்லவனாயினும் அதனால் உரிமை பெறான். காணிப் பதிவகத்தில் பதியப்பட்டமையாலும் அது மெய்யாகிவிடாது. பதிவு ஓர் உறுதியின் குறையை நீக்காது என 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டமே கூறுகிறது. பலர் இதனை அறியாமல், பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி என்ன செய்வது என்று சோர்ந்து அமர்ந்துவிடுகின்றனர்.

உரிமையாளன் காணி அமைந்துள்ள பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு, உரிமை தனதே என்றும் அவ்வுறுதி செல்லாது என்றும் தீர்ப்புக் கேட்கலாம். எதிரி காட்டும் உறுதி பொய்யானது என்று வழக்குரையில் வெளிப்படையாக மறுத்துரைத்தல் இன்றியமையாதது. அவ்வாறு மறுத்தால், உறுதியை மெய்ப்பிக்கும் கடமை அதனைக் காட்டுவோனைச் சாரும். சாட்சியாக ஒப்பமிட்டோருள் ஒருவரேனும் மன்றுக்கு வருதல் வேண்டும். கையெழுத்தை ஒப்புநோக்கும் அரச பரிசோதகரையும், விரலடையாளப் பதிவாளரையும் மன்றம் அழைக்கலாம். வழக்கு நிலுவையில் உள்ளமையைப் பதிவகத்தில் பதிந்துவிட்டால், இடையில் வேறொருவர் அறியாது வாங்குவது தடுக்கப்படும். மோசடி நடக்கும் என்று அஞ்சுவோர் அதற்கு முன்னதாகவே பதிவகத்தில் எச்சரிக்கை மனுவொன்றைப் பதியலாம். அக்காணியைத் தொடும் எந்த ஆவணம் வந்தாலும் பதிவாளர் அவருக்கு அறிவிப்பார். குற்ற வழக்கும் உரிமை வழக்கும் வெவ்வேறு பாதைகள். பொலிசாரிடம் முறைப்பாடு செய்தோம், கள்வன் சிறை சென்றான், ஆகவே காணி திரும்பிவிடும் என்று எண்ணுதல் தவறு. பொலிசார் அசையாவிடின் நீதவானிடம் நேரே பிராது கொடுக்கும் உரிமை 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையில் உண்டு. குற்றவாளி இழப்பீடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரமும் மன்றத்திற்கு அச்சட்டத்தில் உண்டு. பொருளற்றோருக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது.

இவ்வளவும் ஆறுதல். இனிக் கூறுவது கசப்பு. கள்ள உறுதி வெற்றுத்தாளேயாயினும், அதனைப் பிடித்துக்கொண்டு காணியில் இருப்பவனுக்குக் காலம் துணை செய்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளனுக்கு எதிராக இடையூறின்றிப் பத்தாண்டு ஆட்சி செய்தவன், அவ்வாட்சியினாலேயே உரிமை கொண்டாடலாம். உறுதியால் வராத உரிமை ஆண்டுகளால் வந்துவிடும். நியாயம் கருதி அச்சட்டம் சிலருக்கு விலக்களித்தது. சிறுவருக்கும் சித்தம் பிறழ்ந்தோருக்கும் கடல்கடந்து சென்றோருக்கும் எதிராக அப்பத்தாண்டு ஓடாது. ஆயினும் முப்பதாண்டு ஆட்சிக்கு முன்னால் அவ்விலக்கும் நிற்காது.

கடல்கடந்து சென்றோர் என்ற சொற்களை ஊன்றி நோக்குங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் சென்று வாழ்ந்தவர் அவ்விலக்கினுள் வருவார். மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து துரத்தப்பட்டுக் கற்பிட்டியில் ஓலைக்குடிசையில் வாழ்ந்தவர் அதனுள் வரார். அவர் கடந்த கடல் தீவைச் சூழ்ந்த கடலாயினும் அவர் கால் வைத்தது இதே நாட்டுக் கரையில். அவருடைய கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம் ஊருக்குப் போய் வழக்காட வழியில்லாத ஆண்டுகள் அத்தனையும் அவருக்கு எதிராகவே எண்ணப்பட்டன. 1871ஆம் ஆண்டில் சட்டம் வரைந்தோர், ஒரு மாகாணத்து மக்கள் ஒரு வாரத்துக்குள் தம் நாட்டிலேயே அந்நியராவர் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 1990க்குப் பின்னர்ப் பாராளுமன்றத்தில் இருந்தோரைப் பற்றி அவ்வாறு கூற என்னால் இயலவில்லை.

குறையைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2016ஆம் ஆண்டு ஏப்ரலில், வெளியேற்றம் நிகழ்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர். அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதலாம் நாள் தொடக்கம் 2009 மே 18ஆம் நாள் வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் தம் உரிமையை நாடிச் செல்ல இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என விதித்தது. முஸ்லிம்களுக்கு மட்டுமன்றி, போரால் இடம்பெயர்ந்த தமிழருக்கும் சிங்களவருக்கும் அது பொது. நல்ல சட்டம், தவறாத சொற்கள். ஆனால் வழக்குத் தொடர அது வகுத்த காலம் இரண்டே ஆண்டு. 2018 ஏப்ரலில் அக்கதவு சாத்தப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு காக்க வைத்த சட்டம் இரண்டாண்டு மட்டுமே காத்திருந்தது. உறுதியின் படியைத் தேடவும், மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பயணம் செய்யவும், வழக்கறிஞருக்குப் பணம் சேர்க்கவும் முகாம் வாழ்வினருக்கு அக்காலம் போதாது என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. வானொலியும் பத்திரிகையும் எட்டிய இடங்களிலேயே பலர் அச்சட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டபோது காலம் கடந்திருந்தது.

அக்கதவு சாத்தப்பட்டமையால் எல்லாம் முடிந்தது என்றும் கொள்ளலாகாது. பத்தாண்டு ஆட்சி என்பதை எதிரியே மெய்ப்பிக்க வேண்டும். வந்து வந்து இருந்தான், வேலியை இடைக்கிடை மாற்றினான், உரிமையாளனின் உத்தரவால் இருந்தான் என்றெல்லாம் வெளிப்பட்டால் அவ்வாட்சி கலையும். ஆட்சியே இல்லாது உறுதி மட்டும் முடித்து வைத்திருப்பவனுக்குக் காலம் துணை செய்வதேயில்லை.

இக்காலத்தில் பெயர் கவர்வோர் காணிக்கு மட்டும் வருவதில்லை. அட்டையின் நிழற்படப் பிரதியொன்றும் கைத்தொலைபேசியொன்றும் இருந்தால் போதும். பிறன் பெயரில் தொலைபேசி இணைப்பும் தவணைக் கடனும் பெற்றுவிடுகின்றனர். மேலே சொன்ன இலக்கங்களைக் கற்றவன் அட்டையெண்ணைக் கண்டதுமே உடையவரின் பிறந்தநாளைக் கணித்துவிடுவான். பிறந்தநாளைக் கேட்டே பல நிறுவனங்கள் ஆளை அறிகின்றன! கொடுப்பனவு அட்டை மோசடிக்கு 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும், கணினி வழிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. பின்னது இழப்பீட்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. பெறாத கடன் தன் பெயரில் இருப்பதாக ஐயுறுவோர், 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகத்திடம் தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம். பிழையிருப்பின் மறுத்துத் திருத்தக் கோரலாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். வாய்ச்சொல்லால் அறிவித்தது பின்னர் அறிவிக்காததாகவே ஆகிவிடும். வங்கியோடு பிணக்குத் தீராவிடின் நிதித்துறைக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். இவற்றைச் சுருங்கக் கூறினேன். இவை நாளுக்கு நாள் மாறுவன. காணியோ மாறாது கிடப்பது. அதன் வழக்குகளும் அவ்வாறே தலைமுறை தாண்டிக் கிடக்கின்றன.

இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் சிலர் இன்றும் கேட்கும் வினா ஒன்று உண்டு. வாப்பாவின் உறுதி எரிந்துபோயிற்று, இலக்கமும் தெரியாது, எதனைக் கொண்டு தேடுவது என்கின்றனர். நொத்தாரிசு அனுப்பிய பிரதி அந்தந்த மாவட்டத்துக் காணிப் பதிவகத்தில் இருத்தல் வேண்டும் என்பதை முன்னரே கூறினேன். உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரிந்தால் தேடல் எளிது. இரண்டும் தெரியாதவர், காணியின் பெயரையும் ஊரையும் கொண்டு பதிவேட்டின் அட்டவணையில் தேடச் சொல்லலாம். நம் நாட்டில் தோட்டத்துக்கும் வளவுக்கும் வயலுக்கும் தனித்தனிப் பெயருண்டு. பதிவேடு அப்பெயரோடு நான்கெல்லையையும் எழுதி வைத்திருக்கும். வடக்கே இன்னார் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னார் தென்னந்தோட்டம் என்று உம்மாமார் சொல்வதைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், பதிவகத்தார்க்கு அதுவே வழிகாட்டும். அவ்வும்மாமார் இன்று எண்பது வயதை எட்டியிருக்கிறார்கள்.